டிம் பண்ணினாலும் எதிரே வருகிறவருக்குக் கண் கூசுதா? ராமநாதபுரம் கடற்கரைச் சாலைகளில் ராத்திரி ஓட்டுபவர்களுக்கு

சாயல்குடியிலிருந்து ஏர்வாடி, கீழக்கரை, ராமநாதபுரம், தேவிபட்டினம், தொண்டி என்று போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராத்திரி வண்டி ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் ஒரே குறைதான் சொல்வார்கள்: எதிரே வருகிறவன் டிம் பண்ணவே மாட்டேங்கிறான். அது பாதி உண்மை. நிறைய பேர் டிம் பண்ணித்தான் வருகிறார்கள், ஆனால் அவர்களுடைய டிம்மே பிரைட் மாதிரி கண்ணில் அடிக்கிறது. பல்பு மாற்றியிருப்பார்கள், அல்லது லைட் மேலே தூக்கியிருக்கும், விளக்கின் கண்ணாடி மங்கியிருக்கும், பின்னால் பாரம் ஏறியிருக்கும். ஓட்டுகிறவருக்கு இது தெரிய வழியே இல்லை, ஏனென்றால் தன் வண்டியின் வெளிச்சத்தை எதிரே நின்று பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு. அதனால் டிம் ஸ்விட்சைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் உங்கள் வண்டியைப் பார்த்துவிடலாம்.

ஒரு சுவர், ஒரு சாக்பீஸ்

சமதளமான இடத்தில் வெள்ளைச் சுவர் ஒன்று வேண்டும். டயரில் காற்று சரியாக இருக்கட்டும், ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்காரட்டும். காரைச் சுவரை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தி, இரண்டு ஹெட்லைட்டின் நடுப்புள்ளியும் சுவரில் எந்த உயரத்தில் வருகிறதோ அங்கே சாக்பீஸால் குறி போடுங்கள். பிறகு நேராகப் பின்னால் 10 மீட்டர் வந்து டிம்மில் போட்டுப் பாருங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு, நீங்கள் போட்ட குறிக்கு சுமார் 10 சென்டிமீட்டர் கீழே இருந்தால் பெரும்பாலான கார்களுக்குச் சரி. இடம் 5 மீட்டர்தான் கிடைக்கிறதென்றால் 5 சென்டிமீட்டர். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். விளிம்பு குறிக்கு மேலே போகிறதென்றால் நீங்கள் டிம் பண்ணியும் பயனில்லை, எதிரே வருகிறவருக்கு அது பிரைட்தான். விளக்குக்குப் பின்னால் அல்லது பக்கத்தில் இருக்கிற திருகைத் திருகி இறக்கலாம். மெக்கானிக்கிடம் கொடுத்தால் சில நிமிட வேலை. பைக்காக இருந்தால் சென்டர் ஸ்டாண்டில் போட்டுப் பார்க்காதீர்கள். ஆள் உட்கார்ந்து, இரண்டு சக்கரமும் தரையில் இருக்கும்போதுதான் உண்மையான உயரம் தெரியும்.

சுவரில் இன்னொன்றும் கவனியுங்கள். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம் என்பதால் இங்கே விற்கிற வண்டிகளின் டிம் வெளிச்சம் வலப்பக்கம் தாழ்ந்தும் இடப்பக்கம் கொஞ்சம் ஏறியும் இருக்கும்படி செய்யப்பட்டிருக்கும். எதிரே வருகிறவர் கண்ணைக் காப்பாற்ற வலது தாழ்வு, ஓரத்தில் நடக்கிறவரைக் காட்ட இடது ஏற்றம். உங்கள் சுவரில் ஏற்றம் வலப்பக்கம் தெரிந்தால், அது வலப்பக்கம் ஓட்டுகிற நாடுகளுக்குச் செய்த விளக்கு. திருகைத் திருகி அதைச் சரி பண்ண முடியாது, மாற்றித்தான் ஆக வேண்டும்.

சட்டமும் கிட்டத்தட்ட இதையேதான் கேட்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 106-ஆவது விதிப்படி, விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், அதன் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒருவருடைய கண் இருந்தால் அந்தக் கண் கூசக்கூடாது. வீட்டில் இருக்கிற யாரையாவது அந்த இடத்தில் நிற்கச் சொல்லிக் கேட்டாலே போதும், அவர்கள் முகத்தைத் திருப்பினால் விடை கிடைத்துவிடும்.

பாரம் ஏறினால் லைட்டும் ஏறும்

ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு ராமேசுவரம் வருகிற வேன்களையும் கார்களையும் பாருங்கள். பின் இருக்கை நிறைய ஆள், டிக்கி நிறைய பை. பின்பக்கம் அமுங்கினால் முன்பக்கம் தூக்கும், சுவரில் சரியாக வைத்த லைட்டும் மேலே போய்விடும். இதற்காகவே பெரும்பாலான கார்களில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட ஒரு சின்ன உருளை இருக்கிறது. வண்டி வாங்கிய நாளிலிருந்து அதைத் தொடாதவர்கள்தான் அதிகம். ஓட்டுநர் மட்டும் என்றால் 0. ஆள் நிறைந்தால் 1, ஆளோடு சாமானும் சேர்ந்தால் 2, பின்னால் சாமான் மட்டும் முழுப் பாரமாக இருந்தால் 3 என்று பொதுவாகச் சொல்வார்கள். எண் கூடக் கூட லைட் தாழும். பாரத்தை இறக்கியதும் 0-க்குத் திருப்பிவிடுங்கள், இல்லையென்றால் உங்களுக்கே சாலை தெரியாது.

மீன் பெட்டி ஏற்றுகிற லோடு ஆட்டோவிலும், பின்னால் ஐஸ் பெட்டி கட்டிய மொபெட்டிலும் இந்த உருளை கிடையாது. தினமும் பாரத்தோடுதான் ஓடுகிறது என்றால் பாரத்தை ஏற்றி வைத்துக்கொண்டே சுவர்ச் சோதனையைச் செய்து, அதற்கேற்ப லைட்டை இறக்கி வைப்பதுதான் நியாயம்.

பல்பை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

நம் ஊரில் லைட் மங்கலாகிவிட்டது என்று சொல்லித்தான் பலரும் கடைக்குப் போகிறார்கள், கடைக்காரர் 100/90 வாட் (பிரைட்டுக்கு 100, டிம்முக்கு 90) பல்போ எல்இடியோ மாட்டிவிடுகிறார். ஆனால் இந்தக் கடற்கரையில் லைட் மங்குவதற்கு முக்கியக் காரணமே உப்புக் காற்றுதான். பாடியில் எர்த் வயர், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகிற வயர், பிடித்திருக்கிற இடம் துரு ஏறும், பல்பு ஹோல்டரின் உலோக முனைகளில் பச்சை பூக்கும், பல்புக்குப் போக வேண்டிய 12 வோல்ட் முழுசாகப் போகாது. கம்பெனி கொடுத்த 60/55 வாட் எச்4 பல்பே, எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, தேவைப்பட்டால் ரிலே (பேட்டரியிலிருந்து பல்புக்கு நேராகக் கரண்ட் விடுகிற ஸ்விட்ச்) போட்டு நல்ல வயர் இழுத்தால், போதுமான வெளிச்சம் தரும். அதை விட்டுவிட்டு துருப்பிடித்த வயரிலேயே 100 வாட் போட்டால் ஹோல்டர் உருகும், எதிரே வருகிறவர் கண்ணும் போகும்.

ஹாலஜனுக்காக, அதாவது இழை எரிகிற வழக்கமான பல்புக்காக, செய்த விளக்குக்குள் எல்இடி பல்பு போடுவதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். ஹெட்லைட்டுக்குள் இருக்கிற பளபளப்பான கிண்ணம், இழை எந்த இடத்தில் எரிகிறதோ அந்த ஒரு புள்ளியை வைத்துத்தான் வெளிச்சத்தை மடக்கிக் கீழே அனுப்புகிறது. எல்இடி சில்லு அந்த இடத்தில், அந்த அளவில் இல்லாவிட்டால் வெளிச்சம் மடங்காமல் நாலாப் பக்கமும் சிதறும். வண்டிக்கு முன்னால் பத்தடி பளீரென்று வெள்ளையாகத் தெரிவதால் ஓட்டுகிறவருக்கு நல்ல லைட் என்று தோன்றுகிறது. ஆனால் பக்கத்துத் தரை அவ்வளவு பளிச்சென்று இருந்தால் தூரத்து இருட்டுக்குக் கண் பழகாது, தூரத்தில் வருகிற மாடு உண்மையில் முன்பைவிடக் குறைவாகவே தெரியும். கம்பெனியிலிருந்தே எல்இடியோடு வருகிற விளக்கு வேறு, அது அதற்கென்றே செய்தது. அதையும் சுவரில் சோதித்துவிடுங்கள்.

ஹேண்டில்பாருக்குக் கீழே இரண்டு ஃபோகஸ் லைட், ஜீப் கூரையில் நாலு லைட் வைத்திருப்பவர்களுக்கு: எதிரே ஆள் வரும்போது அதை அணைத்துவிடுங்கள். அதற்குத் தனி ஸ்விட்ச் இல்லையென்றால் கழற்றிவிடுங்கள்.

உப்புப் படலம்

இது மற்ற ஊர்க்காரர்களுக்கு அவ்வளவாகப் புரியாது. மண்டபத்திலோ பாம்பனிலோ ஒரு சாயங்காலம் வண்டியை நிறுத்தி வைத்தால் கண்ணாடியில் உப்பு மெல்லிய படலமாகப் படிந்துவிடும். பகலில் தெரியாது. ராத்திரி எதிரே லைட் வந்ததும் கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் பூத்துக்கொள்ளும். மீன் லாரிக்குப் பின்னால் போனாலும் இதே கதைதான், ஐஸ் உருகி ஒழுகுகிற தண்ணீர் தெறித்து ஒட்டிக்கொள்ளும். இதில் எதிரே வருகிறவர்மேல் தப்பே இல்லை, வெளிச்சம் சிதறுவது உங்கள் கண்ணாடியில்தான்.

வறண்ட துணியால் துடைக்காதீர்கள், உப்போடு மணலும் இருக்கும், கீறல் விழுந்தால் அந்தக் கீறலே ராத்திரியில் கோடு கோடாக மின்னும். முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவி, அப்புறம் ஈரத்துணி. அந்தத் தண்ணீர் போர்த் தண்ணீராக இருந்தால் காய்ந்ததும் அதுவே உப்புத் திட்டு விடும், நம் மாவட்டத்துப் போர்த் தண்ணீர் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. காவிரிக் குழாய்த் தண்ணீரோ கேன் தண்ணீரோ ஒரு பாட்டில் வண்டியிலேயே வைத்திருங்கள், வைப்பர் டேங்க்கிலும் அதையே ஊற்றுங்கள். கண்ணாடியின் உள்பக்கத்தையும் துடைக்க மறக்காதீர்கள். ஹெட்லைட்டின் பிளாஸ்டிக் மூடி வெயிலில் மஞ்சளித்துப் போயிருந்தால் பாலிஷ் போடச் சொல்லுங்கள். மங்கிய மூடி சாலைக்குப் போகும் வெளிச்சத்தைக் குறைத்து, எதிரே இருப்பவர் கண்ணுக்குப் போவதைக் கூட்டும்.

எப்போது டிம்?

எதிரே லைட் தெரிந்ததுமே. அவர் முதலில் பண்ணட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வளைவில், இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம் சாலை வரைக்கும் மண்டிக் கிடக்கிற இடங்களில், வண்டி தெரிவதற்கு முன்னால் புதருக்குமேல் வெளிச்சம் தெரியும், அப்போதே இறக்கிவிடுங்கள். முன்னால் போகிற வண்டியை நெருங்கிவிட்டாலும் டிம்தான், உங்கள் பிரைட் அவர் கண்ணாடி வழியாக நேராக அவர் கண்ணுக்குப் போகிறது. தெருவிளக்கு எரிகிற ஊருக்குள் பிரைட்டுக்கு வேலையே இல்லை. மழையிலும் மார்கழிப் பனியிலும் பிரைட் போட்டால் துளிகளில் பட்டு உங்களுக்கே திரும்பி வரும்.

பாம்பன் சாலைப் பாலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், போக ஒரு தடம் வர ஒரு தடம், கீழே படகுகள் போவதற்காக நடுப்பகுதி உயர்ந்திருக்கும். ஏறும்போது உங்கள் லைட் வானத்தைப் பார்க்கும், உச்சியில் எதிரே வருகிறவர் முகத்துக்கு நேராக நிற்கும். ரயில் பாலத்தைப் பார்க்க ஓரத்தில் வண்டியும் ஆளும் நிற்பார்கள். பாலம் முழுக்க டிம்மிலேயே, மெதுவாகப் போங்கள்.

டிம்முக்கு இறக்கினால் வேகத்தையும் இறக்க வேண்டும், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். டிம் வெளிச்சம் தோராயமாக 40, 50 மீட்டர் காட்டும். 80-இல் போகிற கார், ஓட்டுநர் பார்த்து, காலை பிரேக்கில் வைத்து, நிற்பதற்குக் காய்ந்த சாலையிலேயே ஏறக்குறைய 70 மீட்டர் எடுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் தார்ச்சாலையில் படுத்துக் கிடக்கிற மாட்டை 50 மீட்டரில் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. 60-க்குக் கீழே இருந்தால் தப்பிக்க இடம் உண்டு.

நிறுத்தும்போதும் ஒரு விஷயம். டீக்கடை எதிர்ப்பக்கம் இருக்கிறது என்று வலது ஓரமாகப் போய் நிறுத்தி ஹெட்லைட்டை எரியவிட்டுப் போகிறார்கள். எதிரே வருகிறவர் அதை ஓடுகிற வண்டி என்று நினைத்து அதற்கு இடப்பக்கம் ஒதுங்குவார், அங்கே சாலையே இருக்காது. நிறுத்தினால் ஹெட்லைட்டை அணைத்து பார்க்கிங் லைட் மட்டும் போடுங்கள். கடற்கரையில் கடலைப் பார்த்து நிறுத்தினாலும் அப்படியே. தனுஷ்கோடிப் பக்கம் ஆமைக் குஞ்சு பொரித்து வருகிற மாதங்களில் அவை வெளிச்சத்தை நோக்கித்தான் நகரும், நம் லைட்டைப் பார்த்துக் கரைக்குத் திரும்பிவிடும்.

அவர் டிம் பண்ணவில்லையா?

ஒரு தடவை, ஒரே தடவை லைட்டை அடித்துக் காட்டுங்கள். இறக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள், பதிலுக்குப் பிரைட் போட வேண்டாம். இரண்டு பேரும் 60-இல் வந்தால் நொடிக்கு 33 மீட்டர் வேகத்தில் நெருங்குகிறீர்கள், அதில் இரண்டு பேருக்குமே கண் தெரியாமல் போவதில் யாருக்கு என்ன லாபம்? ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், பார்வையை அந்த லைட்டிலிருந்து இடப்பக்க ஓரத்து வெள்ளைக் கோட்டுக்குக் கொண்டுபோங்கள், கோடு இல்லாத இடத்தில் தாரும் மண்ணும் சேருகிற விளிம்பைப் பிடித்துப் போங்கள். அவர் கடந்த பிறகும் உடனே வேகம் எடுக்க வேண்டாம். கண் தெளிய மூன்று நொடி ஆனால் 60-இல் அதற்குள் 50 மீட்டர் போயிருப்பீர்கள், அந்த 50 மீட்டரில் டெயில் லைட் இல்லாத சைக்கிள் போய்க்கொண்டிருக்கலாம். பின்னால் வருகிறவர் பிரைட் போட்டு வந்தால் உள்கண்ணாடியின் கீழே இருக்கும் சின்னப் பிடியைத் தட்டுங்கள், வெளிச்சம் மங்கிவிடும்.

டீக்கடையில் லைட் தூக்கியிருக்கிற வண்டியைப் பார்த்தால், "அண்ணே, உங்க டிம்மு மேல அடிக்குது, பின்னால பாரம் அதிகமா இருக்கு போல" என்று சொல்லிப் பாருங்கள். சண்டைக்கு வருகிறவர்கள் குறைவு, பெரும்பாலும் இறங்கி வந்து பார்ப்பார்கள்.

நடந்து போகிறவர்களுக்கும் டிம் பண்ணுங்கள். பாதயாத்திரை போகிறவர்களும், விடியற்காலையில் கரைக்குப் போகிறவர்களும் ஒரு பக்கம் முள், ஒரு பக்கம் வண்டி என்று தார் விளிம்பில் நடக்கிறார்கள், அவர்கள் கண் கூசினால் கால் எங்கே வைப்பது என்று தெரியாமல் சாலைப் பக்கம்தான் ஒதுங்குவார்கள். நடக்கிறவர்கள் வலது ஓரமாக, வண்டியை எதிர்நோக்கி நடப்பது நல்லது. பைக்கும் சைக்கிளும் வைத்திருப்பவர்கள் பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டுங்கள், விலை ஒரு டீ, வடைக் காசுதான்.

கடைசியாகக் கண். நாற்பது, ஐம்பது வயதுக்கு மேல் கூச்சத்திலிருந்து கண் தெளிய நேரம் கூடும், புரை விழ ஆரம்பித்திருந்தால் ஒவ்வொரு லைட்டைச் சுற்றியும் வட்டம் தெரியும். இந்த வட்டத்துக்காக மஞ்சள் கண்ணாடி வாங்கிப் போடுகிறார்கள், அது வெளிச்சத்தைத்தான் குறைக்கும், இருட்டில் நடக்கிறவர் இன்னும் தெரியாமல் போவார். கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், புரை அறுவை சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசம். அதுவரைக்கும் ராத்திரி ஓட்டத்தை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.