மனநலப் பரிசோதனையும் குடிப்பழக்கப் பரிசோதனையும்: ஹெல்த் இன்சூரன்ஸை எந்தப் படியில், எப்படிப் பயன்படுத்துவது?

“அப்பச்சிக்கு ராத்திரி தூக்கமே இல்ல, சாப்பாடும் இறங்கல” என்று அப்பாவைப் பற்றி ஆத்தா போனில் சொல்வார். பெரியவர்கள் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருக்க, பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் வீடுகளில் இது அடிக்கடி கேட்கிற பேச்சு. சென்னைப் பிள்ளையின் கம்பெனி குரூப் பாலிசியில் பெற்றோர் பெயரும் இருக்கலாம். அதை எந்த வரிசையில் பயன்படுத்துவது என்று தெரியாததால்தான் பல க்ளெய்ம்கள் சிக்குகின்றன.

படி 1: பாலிசியில் நான்கு இடங்களைப் பாருங்கள்

முழுப் புத்தகத்தையும் படிக்க வேண்டாம். பாலிசியோடு வரும் வாடிக்கையாளர் தகவல் தாளை எடுங்கள். வருடாந்திர ஹெல்த் செக்கப் உண்டா, ஓபி கன்சல்டேஷன் (அட்மிட் ஆகாமல் டாக்டரைப் பார்ப்பது) உண்டா, மனநலச் சிகிச்சைக்குத் தனி வரம்பு போட்டிருக்கிறார்களா, விலக்குகள் (பாலிசி பணம் தராதவை) என்னென்ன. இந்த நான்கையும் பேனாவால் கோடிட்டு வையுங்கள்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21(4) பிரிவு, உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்ச் சிகிச்சைக்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. ஆனால் பரிசோதனைக் கட்டத்தில் இந்த உரிமை மட்டும் போதாது. சாதாரண பாலிசி அட்மிட் ஆனால்தான் பணம் தரும். வெறும் பரிசோதனைக்காக அட்மிட் ஆனால் விலக்கு எண் 4-ஐக் காட்டி மறுத்துவிடுவார்கள். “இரண்டு நாள் படுக்க வைத்து எல்லா டெஸ்ட்டும் எடுத்துவிடலாம்” என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பரிசோதனைச் செலவு செக்கப் பலனிலோ ஓபி பலனிலோதான் வரும்.

குடி, போதைக்கான சிகிச்சை பெரும்பாலான பாலிசிகளில் விலக்கு எண் 12-இல் இருக்கிறது. அதே 2017 சட்டம் மது, போதைப் பழக்கத்தோடு வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. இரண்டும் மோதும் இடம் இது. அதனால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மெயில் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள். போனில் சொன்னது க்ளெய்ம் நேரத்தில் நிற்காது.

படி 2: கேள்வித்தாளைச் சரியாக நிரப்புங்கள்

மனச்சோர்வுக்கு பிஎச்கியூ-9 என்ற கேள்வித்தாள். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் டாக்டர் பார்த்தாக வேண்டும். இது நோய்த் தீர்ப்பு ஆகாது. தைராய்டு, இரத்தச்சோகை போன்றவையும் இதே களைப்பைக் காட்டும் என்பதால் இரத்தப் பரிசோதனையையும் கேளுங்கள். அப்பச்சிக்காக மகன் ஊகித்து நிரப்பக் கூடாது. கேள்வியைத் தமிழில் வாசித்துவிட்டு, அவர் வாயால் வரும் பதிலை எழுதுங்கள்.

ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதில் 0 தவிர எது வந்தாலும் பாலிசி, படிவம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அன்றைக்கே உதவி தேடுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. உடனடி ஆபத்து என்றால் 108. அவரைத் தனியாக விடாதீர்கள்.

குடிக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் கேள்வித்தாள்: பத்துக் கேள்விகள், மொத்தம் 40, எட்டிலிருந்து கவனிக்க வேண்டிய அளவு. தப்பு நடப்பது இரண்டாவது கேள்வியில். “ஒரு நாளைக்கு எத்தனை?” என்றால் “ஒரு குவாட்டர்தான்” என்று சொல்லி ஒன்று என எழுதிவிடுவார்கள். 10 கிராம் ஆல்கஹால்தான் ஒரு அளவு. 42.8 சதவீதம் உள்ள 180 மில்லி குவாட்டரில் ஏறக்குறைய 60 கிராம், அதாவது ஆறு அளவு. 5 சதவீத பீர் 650 மில்லி பாட்டில் என்றால் இரண்டரை. ஒன்று என எழுதினால் மதிப்பெண் 0, ஆறு என எழுதினால் 2. ஒரே கேள்வியில் இவ்வளவு மாறும்.

தினமும் குடிப்பவரை இந்த மதிப்பெண்ணைக் காட்டித் திட்டி, மறுநாளே நிறுத்தச் சொல்லாதீர்கள். திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பும், அதன் பிறகு மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்து. டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

படி 3: டாக்டரிடம் போகும்போது

ஓபி பலன் இருந்தால், இன்சூரன்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ளவர்களின் நெட்வொர்க் பட்டியலில் மனநல மருத்துவர் இருக்கிறாரா என்று பாருங்கள். மதுரை வரை அலைய முடியாதவர்கள் வீடியோ கன்சல்டேஷன் செல்லுமா என்று கேளுங்கள். பாலிசியே இல்லையென்றாலும் அரசு மருத்துவமனை ஓபி இலவசம்; சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். முதல்வர் காப்பீட்டு அட்டை முக்கியமாக அட்மிட் ஆகும் சிகிச்சைக்கானது, முதல் பரிசோதனைக்கு அதைத் தேட வேண்டியதில்லை.

மருந்துச் சீட்டில் தேதி, டாக்டரின் பதிவு எண், நோயின் பெயர் மூன்றும் இருக்கட்டும். பில்லில் வெறும் “கன்சல்டேஷன்” என்று மட்டும் இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். குடிப்பழக்கத்தை மட்டும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். க்ளெய்ம் போய்விடும் என்ற பயத்தில் மறைத்தால், வேறு ஏதோ அறுவைச் சிகிச்சைக்குப் படுத்திருக்கும்போது குடி நின்றதன் பாதிப்பு வந்து, என்ன நடக்கிறதென்றே வார்டில் புரியாமல் போகும்.

புதிய பாலிசி எடுக்கும்போதும் இதே நேர்மை வேண்டும். படிவம் கேட்பதை உள்ளபடி எழுதுங்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்பு இப்போது அதிகபட்சம் 36 மாதம்தான்.

படி 4: மறுத்தால்

எந்த விதியின் கீழ் மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதி 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) ஓராண்டுக்குள் போகலாம். கட்டணமும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம். மனுவோடு மறுப்புக் கடிதம், மருந்துச் சீட்டு, படி 1-இல் வாங்கிய மெயில் மூன்றின் நகலையும் இணையுங்கள்.