புயல் எச்சரிக்கை வேளையில் முடிவெடுப்பது எப்படி: கிராம மன்றத்தாருக்கும் கோவில் நிர்வாகத்தாருக்கும்

மொரீசியஸில் தைப்பொங்கலும் தைப்பூசக் காவடியும் புயல் காலத்தின் நடுவில் வருகின்றன. ஆகவே, ஊர்வலத்தை ஒத்திவைப்பதா, கிராம மண்டபத்தைத் தங்குமிடமாகத் திறப்பதா என்ற கேள்விகள், வானிலை ஆய்வாளர்களுக்கே விடை உறுதியாகத் தெரியாத வேளையில்தான் நம்மிடம் வந்து நிற்கும்.

முதலில் எச்சரிக்கை எண்ணின் பொருளைத் தெளிவாக அறியுங்கள். நெடுங்காலமாக வழங்கிவரும் முறையில், மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று வீசக்கூடும் என்று கருதப்படும் நேரத்துக்கு 36 முதல் 48 மணி நேரம் முன்பு முதலாம் வகுப்பு எச்சரிக்கையும், இயன்றவரை 12 மணி நேரப் பகல் வெளிச்சம் கிடைக்கும்படி இரண்டாம் வகுப்பும், 6 மணி நேரப் பகல் கிடைக்கும்படி மூன்றாம் வகுப்பும் அறிவிக்கப்படுகின்றன. அதாவது அந்த எண் புயலின் வலிமையை அளப்பதில்லை. நமக்கு மிஞ்சியிருக்கும் நேரத்தையே அளக்கிறது. பகலைக் கணக்கில் சேர்த்தவர் ஊர் நிலைமை அறிந்தவராகத்தான் இருக்க வேண்டும்: இருட்டில் தகரக் கூரையை இழுத்துக் கட்ட முடியாது.

ஆனால் அந்த எண் மழையைப் பற்றிப் பேசுவதில்லை. 2013 மார்ச் 30 அன்று புயல் எதுவும் தாக்காமலே தலைநகர் போர்ட் லூயியில் கொட்டிய மழையின் வெள்ளத்தில் 11 பேர் இறந்தனர். 2024இல் பொங்கலன்று பெலால் புயலின் கண், அதாவது நடுப்பகுதி, அண்டைத் தீவான ரீயூனியன் பக்கம் போனபோதும், நம் தலைநகரத் தெருக்களில் வெள்ளம் கார்களை அடித்துச் சென்றது. எனவே ஆற்றோர ஊர்கள் மழைக்கென்று தனி விதி வகுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு நாளைக்கு முந்திய பாதைக் கணிப்பு நூறு கிலோமீட்டர் பிசகுவது வழக்கம்; தீவின் நீளமோ ஏறத்தாழ 65 கிலோமீட்டர்தான். இந்நிலையில் "புயல் வருமா?" என்று கேட்டுக்கொண்டிருப்பதால் பயனில்லை. முதியவர்களை மண்டபத்துக்கு அழைத்துவர எத்தனை மணி நேரம் ஆகும் என்று கணக்கிட்டு, பொழுது சாயும் நேரத்திலிருந்து அதைப் பின்னோக்கிக் கழித்து, முடிவுக்குரிய கடைசி நேரத்தைக் குறியுங்கள். அதற்குள் தெரிந்ததை வைத்தே முடிவெடுங்கள்.

எந்த வகுப்பில் எதை நிறுத்துவது என்பதைப் புயல் காலம் தொடங்குமுன் அக்டோபரிலேயே தீர்மானித்துவிடுங்கள். பந்தல் போட்டு, பால்குடங்களை அடுக்கிய பிறகு எவருக்கும் மனம் வராது. புயல் வரும் வாய்ப்பைச் சொல்வது வானிலை நிலையத்தின் வேலை. எவ்வளவு அபாயத்தை ஏற்பது என்பது நம் பொறுப்பு. அதை அவர்கள் தலையில் கட்டக் கூடாது.

எடுத்த முடிவையும், அப்போது கையில் இருந்த அறிக்கையின் நேரத்தையும் கூட்டக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். புயல் விலகிப் போய், வீணாக ஊர்வலத்தை நிறுத்திவிட்டதாகச் சிலர் குறைகூறும்போது, அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டலாம்.