வளவுக்குள் மரப்பாம்பு வளர்ப்பது எப்படி?

போன பங்குனியில் என் தங்கையின் மகன் ஒரு பச்சைப் பாம்பைத் தடியில் சுற்றவிட்டபடி படலையடியில் வந்து நின்றான். "மாமா, இதைக் கண்ணாடித் தொட்டியில வைச்சு வளர்ப்பமே?" வெளிநாட்டில் யாரோ வளர்க்கிற வீடியோவைப் பார்த்திருக்கிறான். வயது 12. ஏச எனக்கு மனம் வரவில்லை. அந்த வயதில் நானும் அதைத்தான் செய்தேன்.

நான் பிடித்த பாம்பைத் தண்ணீர் வாளிக்குள் விட்டு, மேலே கம்பி வலை போட்டேன். பால் வைத்தேன், முட்டை உடைத்து வைத்தேன். ஒன்றையும் தொடவில்லை. வெளியே வரப் பார்த்து வலையில் மூக்கை உரசி உரசி நுனி புண்ணாகிப் போனது. ஒன்பதாம் நாள் காலை பார்த்தால் வாளியின் அடியில் கயிறு மாதிரிக் கிடந்தது. செவ்வரத்தைக்குக் கீழே புதைத்தேன். இன்றைக்கும் அந்த மூக்கு நுனி கண்ணுக்குள் நிற்கிறது.

என்ன பிழை விட்டேன் என்று பிறகுதான் விளங்கியது. பாம்பு பாலைத் தேடிக் குடிக்கிற பிராணி இல்லை. பச்சைப் பாம்பு அசைகிற ஓணானையும் பல்லியையும் தவளையையும் கண்ணால் குறிவைத்துப் பிடிக்கும். அதன் கண்மணி படுக்கைவாட்டில் நீண்டிருக்கும். மூக்கின் இரு பக்கமும் பள்ளம் ஓடுவதால் இரண்டு கண்ணாலும் ஒரே இடத்தைப் பார்த்துத் தூரத்தை அளக்கும். அப்படிப்பட்டதன் முன்னால் முட்டையை வைத்து என்ன பயன்? சட்டம் இடம் கொடுக்கிற நாடுகளில் அனுபவமுள்ளவர்கள்கூட இதை வளர்க்கச் சிரமப்படுகிறார்கள். உயரமான கூடு வேண்டும், உயிருள்ள செடி வேண்டும், இலையில் நாளாந்தம் தண்ணீர் தெளிக்க வேண்டும், இரைக்கு விடாமல் பல்லி தேட வேண்டும். காட்டிலிருந்து பிடித்தது பயத்திலேயே இரையை மறுக்கும்.

இலங்கையில் அதற்கு இடமும் இல்லை. 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தை 2009இல் இன்னும் இறுக்கியிருக்கிறார்கள். மரப்பாம்பைப் பிடித்து அடைத்து வைத்தால் குற்றம். மருமகனுக்கு இதைச் சொல்லிவிட்டு, "எங்களிட்டை நாலு பரப்பு வளவு இருக்கு. அதையே அதுக்கு வீடாக்குவம்" என்றேன். அவன் தடியைக் கிளுவை வேலியில் சாய்த்தான். பாம்பு ஏறியது, இரண்டு தரம் காற்றில் கொடி போல ஆடியது, பிறகு கண்ணுக்கே தெரியவில்லை. அன்றிலிருந்து நாங்கள் செய்து வருவதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஆளை அறியுங்கள். எங்கள் பக்கத்து வளவுகளில் அடிக்கடி காண்பது இரண்டு. பச்சைப் பாம்பு ஒல்லி, கூர்மூக்கு. விஷம் உண்டு, ஆனால் மிதமானது. கடித்தால் வலியும் வீக்கமும் வரலாம். கொம்பேறி மூக்கன் முதுகு வெண்கல நிறம், நல்ல வேகம், விஷமே இல்லை. கடித்துவிட்டு மரத்தில் ஏறி நின்று சுடலைப் புகையைப் பார்க்கும் என்று அம்மா சொல்லிப் பயப்படுத்துவா. அந்தக் கதையால் எத்தனை உயிர் தடியடியில் போயிருக்கும்! மரத்தில் கண்டதெல்லாம் மரப்பாம்பு என்றும் முடிவுகட்ட வேண்டாம். நாகமும் மரம் ஏறும். அடையாளம் தெரியாவிட்டால் கிட்டப் போகாதீர்கள்.

வேலிதான் அடுத்த விஷயம். கிளுவையும் பூவரசும் நெருங்கி நின்று, மேலே முசுட்டைக்கொடி படர்ந்திருந்தால் பாம்பு நிலத்தில் இறங்காமலே வளவைச் சுற்றி வரும். மதில் கட்டிவிட்டீர்களா, சரி, மதிலின் மேல் கொடியைப் படரவிடுங்கள். மாமரக் கொப்பு வேப்பங்கொப்பைத் தொடட்டும். பனையில் காவோலை முழுவதையும் ஒரே நாளில் தட்டிவிடாமல் ஒன்றிரண்டு மரத்தில் விட்டுவையுங்கள்; எங்கள் கொம்பேறி மூக்கன் மத்தியான வெயிலுக்கு அங்கேதான் ஒதுங்குகிறது.

மருந்தடிப்பதை நிறுத்தாமல் மரப்பாம்பு நிற்காது. கத்தரிக்கு அடிக்கிற மருந்தில் பூச்சி போகும், பூச்சி போக ஓணானும் தவளையும் போகும், பிறகு பாம்புக்கு என்ன வேலை? நான் கிணற்றடி வாய்க்காலின் ஓர் ஓரத்தைச் சீமெந்து பூசாமல் ஈரமாகவே விட்டிருக்கிறேன். தவளைகள் வந்துவிட்டன.

தண்ணீரைப் பற்றிப் பலர் யோசிப்பதில்லை. பங்குனி தொடங்கினால் எங்கள் மண்ணில் பனிகூட இருக்காது. காலை 7 மணிக்குக் குழாய் வாயை விரலால் அமத்தி வேலி இலைகளில் மழை போல விசிறுவோம். ஒருநாள் பச்சைப் பாம்பு ஒரு முழம் தள்ளி இருந்தது. தலையைத் தூக்கி முசுட்டை இலையின் நுனியில் வாயை வைத்தது. தாடை மெல்ல மெல்ல அசைந்தது. தொங்கிய துளி காணாமல் போனது. அடுத்த இலைக்கு நகர்ந்தது. மருமகன் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டு நின்றான்.

இனி வலை. இதைக் கட்டாயம் வாசியுங்கள். முந்திரிகைப் பந்தலுக்குப் பறவை வராமல் நைலோன் வலை போடுகிறோம். பாம்பின் தலை கண்ணிக்குள் போய்விடும், வயிறு போகாது. செதில்கள் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் பின்னால் வரவும் ஏலாது. சின்னி விரல்கூட நுழையாத கண்ணியுள்ள வலையை வாங்குங்கள். இழுத்துக் கட்டுங்கள். அறுவடை முடிந்ததும் சுருட்டிக் கொட்டிலுக்குள் வையுங்கள். நிலத்தில் குவிந்து கிடக்கிற வலைதான் அதிகம் கொல்லும்.

மாட்டியிருந்தால் இழுக்கவே கூடாது. ஆனி மாதம் எங்கள் பந்தலில் ஒரு கொம்பேறி மூக்கன் மூன்று கண்ணிக்குள் தொங்கியது. முதலில் வலையைச் சுற்றி வெட்டி, பாம்போடு நிழலுக்குக் கொண்டுவந்தேன். நனைத்த துணியால் தலையை மூடினேன், இருட்டானால் அடங்கும். மருமகன் உடம்பைத் தாங்கிப் பிடித்தான். நுனி மழுங்கிய சிறிய கத்தரிக்கோலை நூலுக்கும் செதிலுக்கும் இடையில் படுக்கையாக நுழைத்து, வெட்டும் வாயை வெளிப்பக்கம் திருப்பி, ஒவ்வொரு நூலாக வெட்டினோம். நூல் இறுக்கிய இடத்தில் தோல் விரிந்து செதில்களின் இடையில் வான நீலம் தெரிந்தது. அந்த நிறம் அதற்குள் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. ஒரு நூல்கூட உடம்பில் மிச்சம் இல்லை என்று பார்த்த பிறகுதான் அதே பந்தல் காலில் விட்டோம். இது விஷமில்லாத பாம்பு என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் கை வையுங்கள். இல்லாவிட்டால் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992க்கு அழையுங்கள்.

பூனை உள்ளவர்கள் காலை வேளையில் அதை வீட்டுக்குள் வையுங்கள். நான் சொன்ன இரண்டு மரப்பாம்பும் நடமாடுவது பகலில்தான்.

வீட்டுக்குள் வந்துவிட்டால் மற்றக் கதவுகளைச் சாத்தி யன்னலைத் திறந்துவிட்டு விலகி நில்லுங்கள். போகாவிட்டால் நீளமான கொப்பு ஒன்றை நீட்டுங்கள். கொப்பைக் கண்டால் ஏறும். கடித்தால் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கடித்தது எதுவென்று துளி சந்தேகம் இருந்தாலும் கட்டுப்போடாமல், கீறாமல், 1990 அம்புலன்சை அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அயலட்டைக்கும் சொல்லிவையுங்கள். உங்கள் வேலியில் பிழைத்த பாம்பு அடுத்த வளவில் அடிபட்டால் எல்லாம் வீண். நான் வலப்பக்கத்து மாமியைக் கூட்டிவந்து காட்டினேன். கண்ணைக் கொத்தும் என்று முகத்தை மூடிக்கொண்டு நின்றவ, அது தண்ணீர் குடிப்பதைக் கண்டதும் கையை எடுத்துவிட்டா.

மருமகன் இப்போது கொப்பியில் திகதி, நேரம், மரம் என்று மூன்று கோடு போட்டு எழுதுகிறான். போன கிழமை எழுதியிருந்தது: "பூவரசு, காலை 8.20, ஈர்க்கு மாதிரி இரண்டு குட்டி." பச்சைப் பாம்பு முட்டையிடாது, குட்டியே போடும். அந்தப் பூவரசை இந்த வருடம் நாங்கள் வெட்டப் போவதில்லை.