லாட்டரிச் சீட்டின் உண்மை மதிப்பைக் கணக்கிடுவது எப்படி?

எந்த நாட்டு லாட்டரியாக இருந்தாலும், விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது முதல் பரிசுத் தொகை மட்டுமே. சீட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் எவ்வளவு பரிசாகத் திரும்பி வருகிறது, அது எத்தனை பேருக்குப் பிரிகிறது, வரி போகக் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதையெல்லாம் வாங்குபவர்தான் கணக்குப் பார்க்க வேண்டும். அதற்குப் பள்ளிக் கணக்கே போதும்.

முதலில் வாய்ப்பைக் கணக்கிடுங்கள். பிரிட்டனின் தேசிய லாட்டரி 1994இல் தொடங்கியபோது 49 எண்களிலிருந்து ஆறு எண்களைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. 49, 48, 47, 46, 45, 44 ஆகியவற்றைப் பெருக்கி 720ஆல் வகுத்தால் 1,39,83,816 என்று வரும்; முதல் பரிசு விழும் வாய்ப்பு அத்தனையில் ஒன்று. ஆறு எண்களை 720 வகையாக வரிசை மாற்றி அடுக்கலாம். குலுக்கலில் வரிசை முக்கியமில்லை என்பதால்தான் அந்த வகுத்தல். 2015இல் எண்களை 59 ஆக உயர்த்தினார்கள். இதே முறையில் கணக்கிட்டால் இப்போது 4,50,57,474 வருகிறது. கூடியவை பத்து எண்கள்தான் என்றாலும், முதல் பரிசுக்கான வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது.

அடுத்தது, வசூலில் எவ்வளவு பரிசாகத் திரும்புகிறது என்பது. இதைக் கற்றுக்கொள்ள ஸ்பெயினின் கிறிஸ்துமஸ் லாட்டரியைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை. 1812இல் காடிஸ் நகரில் தொடங்கிய இந்தக் குலுக்கல் இன்று ஆண்டுதோறும் டிசம்பர் 22 அன்று மாட்ரிட்டில் நடக்கிறது. 00000 முதல் 99999 வரையான ஒரு லட்சம் எண்களும் மர உருண்டைகளில் பொறிக்கப்பட்டுப் பெரிய கூண்டிலும், 1,807 பரிசு உருண்டைகள் சிறிய கூண்டிலும் சுழல, சான் இல்தெபோன்சோ பள்ளிப் பிள்ளைகள் எண்ணையும் பரிசையும் பாடியே அறிவிக்கிறார்கள். முழுச் சீட்டில் பத்தில் ஒரு பங்கான ‘தெசிமோ’வின் விலை 20 யூரோ, அதற்கு முதல் பரிசு 4 லட்சம் யூரோ. விற்பனைத் தொகையில் 70 சதவீதம் பரிசுகளுக்கு ஒதுக்கப்படுவதால், 20 யூரோ சீட்டின் சராசரி மதிப்பு 14 யூரோ. அந்த 14இல் முதல் பரிசின் பங்கு, 4 லட்சத்தை ஒரு லட்சத்தால் வகுக்க வரும் 4 யூரோ மட்டுமே. இனி வரியைக் கழியுங்கள்: பரிசின் முதல் 40,000 யூரோவுக்கு வரி இல்லை, மீதிக்கு 20 சதவீதம். ஆக, முதல் பரிசு விழுந்தவர் கையில் பெறுவது 3,28,000 யூரோ.

அமெரிக்கச் சீட்டுகளில் காலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2022 நவம்பரில் அங்குள்ள பவர்பால் லாட்டரி அறிவித்த 204 கோடி டாலர், 29 ஆண்டுகளில் 30 தவணைகளாகத் தரப்படும் தொகை. உடனே வேண்டுமென்றால் கிடைப்பது 99.76 கோடி டாலர்; அதிலும் கூட்டரசின் வருமான வரி 37 சதவீதம் வரை போகும். ஆகவே அங்கே ‘ரொக்க மதிப்பு’ என்று தனியாகக் குறிப்பிட்டிருக்கும் தொகையிலிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும்.

பலரும் விட்டுவிடுவது பங்கீட்டை. எண்களை நாமே தேர்ந்தெடுக்கும் லாட்டரிகளில் முதல் பரிசு, அதே எண்களைத் தேர்ந்தெடுத்த அனைவருக்கும் பிரித்துத் தரப்படுகிறது. 1995 ஜனவரி 14 அன்று பிரிட்டனில் ஏறத்தாழ 1.63 கோடி பவுண்டு முதல் பரிசை 133 பேர் பங்கிட்டுக்கொண்டதில், ஒருவருக்குக் கிடைத்தது 1,22,510 பவுண்டு. பிறந்த நாளை வைத்து எண் எடுப்பவர்கள் 31க்குள்ளேயே நிற்பார்கள். ஆகவே 31க்கு மேற்பட்ட எண்களையும் கலந்து எடுப்பது நல்லது. இதனால் வெல்லும் வாய்ப்பு கூடாது. வென்றால் பங்கு கேட்கும் கூட்டம் குறையலாம், அவ்வளவே.

எல்லா எண்களையும் வாங்கிவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. 1992இல் ஓர் ஆஸ்திரேலியக் குழு அமெரிக்காவின் வர்ஜீனியா மாநில லாட்டரியில் அதைச் செய்யப் பார்த்தது. அங்கே தேர்ந்தெடுக்கக்கூடிய எண் சேர்க்கைகள் மொத்தம் 70,59,052, பரிசு 2.7 கோடி டாலர். ஏறத்தாழ 50 லட்சம் சீட்டுகள் வாங்குவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. பரிசு அவர்களுக்கே விழுந்தது உண்மைதான் என்றாலும், விடுபட்ட சேர்க்கைகளில் ஒன்று வந்திருந்தால் போட்ட முதலின் பெரும்பகுதி போயிருக்கும்.

தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரி விற்பனைக்குத் தடை இருக்கிறது. கேரள அரசின் லாட்டரி 1967இல் ஏற்படுத்தப்பட்டது. இந்தியாவில் லாட்டரிப் பரிசுக்கு வருமான வரி 30 சதவீதம். அதன்மேல் கூடுதல் தீர்வையும் உண்டு. கேரள முடிவின் கடைசி மூன்று எண்களை வைத்துத் தமிழகத்தில் திருட்டுத்தனமாக நடக்கும் ‘மூன்று நம்பர் லாட்டரி’ இந்தக் கணக்கு எதற்குள்ளும் வராது. அன்றாடக் கூலியை அதில் விட்டுக் கடனாளியான குடும்பங்கள் பல. அங்கே பரிசுக்கு எந்தச் சட்டமும் பொறுப்பேற்காது. ஆகவே அதன் பக்கமே போகாதீர்கள்.

சீட்டை வாங்கியதும் பின்பக்கம் கையெழுத்திட்டு, பரிசு கோரும் கெடுவைப் படித்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினில் அது மூன்று மாதம், பிரிட்டனில் 180 நாள். வாங்காத சீட்டுக்குப் பரிசு விழுந்திருப்பதாகவும் முன்பணம் அனுப்பினால் தொகையை விடுவிப்பதாகவும் அழைப்பு வந்தால் உடனே துண்டித்துவிடுங்கள். பரிசை விடுவிக்க முன்பணம் அனுப்பச் சொல்லி அரசு லாட்டரி எதுவும் தொலைபேசியில் அழைப்பதில்லை.