30 நாள் சரக்கும் 31-ஆம் தேதி வந்து இறங்கிய கதை: ஃபார்முலாவிடம் கேட்கக்கூடாதவை

ஒரு மொத்த வியாபாரக் கடைக்குச் சரக்கு வரவு ரிஜிஸ்டரை எக்செலில் போட்டுக் கொடுத்தேன். சரக்கின் பெயரை அடித்ததும் பக்கத்து செல்லில் தேதி தானாக விழவேண்டும் என்றார் முதலாளி. =இஃப்(ஏ2="","",டுடே()) என்று எழுதிக் கீழே இழுத்துவிட்டேன். அன்றைக்கு அருமையாக வேலை செய்தது. மாதக் கடைசியில் ஸ்டாக் பார்க்க உட்கார்ந்தால், 30 நாள் சரக்கும் 31-ஆம் தேதி காலையில் மொத்தமாக வந்து இறங்கியிருக்கிறது!

டுடே (இன்றைய தேதி), நவ் (இப்போதைய நேரம்), ராண்ட் (ஏதோ ஒரு எண்) மூன்றும் ஷீட் கணக்குப் போடும் ஒவ்வொரு முறையும் புது விடை சொல்பவை. நேற்று என்ன சொன்னோம் என்ற ஞாபகம் அவற்றுக்குக் கிடையாது. கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு அரைப்புள்ளியைத் தட்டுங்கள்; அன்றைய தேதி விழும், பிறகு மாறாது. செல் தன்னையே பார்த்துக்கொள்ளும்படி ஃபார்முலா எழுதி, ஆப்ஷன்ஸில் இடரேட்டிவ் கால்குலேஷனை (இப்படிச் சுற்றி வரும் கணக்கை அனுமதிக்கும் அமைப்பு) இயக்கினால் தேதி நிற்கும் என்று சிலர் சொல்வார்கள். நிற்கும்தான். ஆனால் முதலில் திறந்த ஃபைலில் இருக்கும் அமைப்பைத்தான் எக்செல் எடுத்துக்கொள்ளும். வேறொரு ஃபைலைத் திறந்துவிட்டு இதைத் திறந்தால் சர்குலர் ரெஃபரன்ஸ் என்று கத்தும். கடை ரிஜிஸ்டருக்கு இந்த வித்தை வேண்டாம்.

அடுத்த தலைவலி நிறம். பணம் வந்த பில்லுக்கெல்லாம் கையால் பச்சை அடித்துவிட்டு, "பச்சையை மட்டும் கூட்டிக் கொடுங்க" என்பார்கள். செல்லின் நிறம் ஃபார்முலாவின் கண்ணுக்குத் தெரியாது. வேலையைத் திருப்பிப் போடுங்கள்: "வந்தது" என்று ஒரு செல்லில் எழுதி, நிபந்தனைக்குப் பொருந்துவதை மட்டும் கூட்டும் சம்இஃப்ஸால் கூட்டுங்கள், பச்சையை, செல்லில் இருப்பதைப் பார்த்துத் தானே நிறம் போடும் கண்டிஷனல் ஃபார்மேட்டிங் அடிக்கட்டும். ஏற்கெனவே பச்சை அடித்துத் தொலைத்தாயிற்றா? நிறத்தால் ஃபில்டர் செய்துவிட்டு =சப்டோட்டல்(109,டி2:டி400) போட்டால், கண்ணில் தெரியும் வரிகளை மட்டும் கூட்டித் தரும். "மேக்ரோ (எக்செலுக்குள் எழுதும் சிறு நிரல்) இல்லாமலே நிறத்தைப் படிக்கலாம்" என்று கெட்.செல்லைச் சிபாரிசு செய்பவர்களை நம்பாதீர்கள். அது எக்செல் 4 காலத்து மேக்ரோ ஃபங்ஷன். ஃபைலை மேக்ரோ உள்ள ஃபைல்களுக்கான எக்ஸ்எல்எஸ்எம் ஆகத்தான் சேமிக்க வேண்டிவரும்.

ஃபார்முலா தான் இருக்கும் இடத்தில் விடை சொல்லும், அவ்வளவுதான். மைக்ரோசாஃப்ட் 365-இல் (சந்தா கட்டி வாங்கும் எக்செல்) அந்த விடை பக்கத்துக் காலி செல்களுக்கும் வழியும். அங்கே ஏதாவது இருந்தால் ஸ்பில் பிழை. வரியை அழிப்பது, ஷீட்டின் பெயரை மாற்றுவது, மெயில் அனுப்புவது எதுவும் அதன் வேலையில்லை. ஹைப்பர்லிங்க் ஃபங்ஷன் மெயிலைத் தயார் செய்து திறந்து வைக்கும், அனுப்பும் பட்டனை நாம்தான் அழுத்தவேண்டும். எழுத்தில் கொடுத்த செல் முகவரியைப் படிக்கும் இன்டைரக்ட் ஃபங்ஷன், மூடிக் கிடக்கும் வேறொரு ஃபைலை எட்டிப் பார்க்காது. ரெஃப் பிழைதான் வரும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ஒன்றுக்கு மேல் வந்த பெயர்களைக் களைய, வரிசைப்படுத்த, பிரித்தெடுக்க இன்னமும் மேக்ரோ எழுதுகிறார்கள். 2021 பதிப்பிலும் 365-இலும் இதற்கென்றே யூனிக், சார்ட், ஃபில்டர் ஃபங்ஷன்கள் இருக்கின்றன. 2022-இலிருந்து இணையத்தில் வந்த ஃபைல்களின் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் தானாகவே தடுத்துவிடுகிறது. நீங்கள் மெயிலில் அனுப்பிய ஃபைலில் மேக்ரோவை ஓட்டும் பட்டன் அந்தப் பக்கம் அசையாமல் கிடக்கலாம்.

பில்லில் தொகையை எழுத்தால் எழுதுவதை மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. தாய்லாந்தின் பாட் நாணயத்துக்கு பாட்டெக்ஸ்ட் என்று தனி ஃபங்ஷனே வைத்திருக்கிறார்கள். நம் ரூபாய்க்கு இல்லை. அதற்கும் மேக்ரோ கட்டாயமில்லை. 365-இல், சொந்த ஃபங்ஷன் எழுத உதவும் லாம்டாவால் லட்சம், கோடி கணக்கில் ஒன்றை நாமே எழுதி, நேம் மேனேஜரில் பெயர் கொடுத்து வைத்துக்கொள்ளலாம். எனக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தின்றது. பைசாவை இன்னும் சேர்க்கவில்லை.