பராச்சியில் முதுகுப்பையும் புது நண்பர்களும்: முதல்முறை போகிறவர்களுக்கு

பிரேசில் என்றதும் எல்லோரும் ரியோவைத்தான் கேட்பார்கள். தனியாகப் பையை மாட்டிக்கொண்டு முதல்முறை கிளம்புகிறவர்களுக்கு நான் சொல்வது பராச்சி. எழுத்தில் 'பராட்டி' என்று இருக்கும், ஊர்க்காரர்கள் வாயில் 'பராச்சீ'. ரியோவுக்கும் சாவ் பாவ்லோவுக்கும் நடுவில், மழைக்காடு மூடிய மலை கடலோரம் வரை இறங்கி வரும் இடத்தில் இருக்கிற சின்ன ஊர். மினாஸ் ஜெராயிஸ் சுரங்கங்களில் எடுத்த தங்கம் ஒரு காலத்தில் இங்கிருந்துதான் கப்பலேறியது. 2019இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

நான் இந்த ஊரைச் சொல்வதற்குக் காரணம் வேறு. சுற்றியுள்ள அழகான கரைகள் பலவற்றுக்குப் படகில்தான் போக முடியும். சின்னப் படகை வாடகைக்கு எடுத்தால் மொத்தப் படகுக்கும் சேர்த்துத்தான் விலை பேசுவார்கள். நாலு பேர் சேர்ந்தால் கட்டுப்படியாகும். அதனால் தனியாக வந்தவர்கள் தாமாகவே கூட்டு தேடுவார்கள். வெட்கப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஊர் எனக்குத் தெரியாது.

கிளம்பும் முன்

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் விசாவோடு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியையும் முடித்துவிடுங்கள். திரும்பி வரும்போது நம் விமான நிலையத்தில் அதன் சான்றிதழைக் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் அது செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள்.

சக்கரம் வைத்த பெட்டி வேண்டவே வேண்டாம். பழைய ஊருக்குள் கார் நுழையாது. தெரு முழுக்கப் பெரிய பெரிய உருண்டைக் கற்கள், ஒன்றுபோல் ஒன்று இருக்காது. பௌர்ணமி, அமாவாசை ஒட்டிய நாட்களில் கடல் ஏறும்போது கரையோரத் தெருக்களுக்குள் தண்ணீர் வந்து, வெள்ளைச் சுவரும் நீலக் கதவும் அதில் தலைகீழாகத் தெரியும். நல்ல பிடிமானமுள்ள செருப்பு, ஒரு பூட்டு, மழைச்சட்டை, பூச்சிக் களிம்பு போதும். களிம்பை மட்டும் மறந்துவிடாதீர்கள். 'பொஹஷூடு' என்று ஒரு குட்டிக் கறுப்பு ஈ பட்டப்பகலில் கணுக்காலைக் கடிக்கும். அரிப்பு நாள்கணக்கில் போகாது.

ரியோவின் நோவோ ரியோ பேருந்து நிலையத்திலிருந்து நேரடிப் பேருந்து உண்டு, ஏறக்குறைய நாலரை மணி நேரம். மழை குறைவான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நடைக்கு நல்லது.

முதல் நாள் மாலை: சமையலறை

விடுதியில் தனி அறை எடுக்காமல், பொது அறையில் ஒரு கட்டிலும் பொதுச் சமையலறையும் இருக்கிற இடமாகப் பாருங்கள். மாலையில் சமையலறைக்குப் போய்விடுங்கள், ஃபோனை அறையிலேயே வைத்துவிட்டு. நான் போன அன்று அரிசியும் பருப்பும் வாங்கி, கொண்டுபோயிருந்த மிளகு சீரகத்தைத் தட்டிப் போட்டுக் கொஞ்சம் அதிகமாகவே பொங்கினேன். மணம் பரவியதும் பக்கத்து அடுப்பில் முட்டை வறுத்துக்கொண்டிருந்த அர்ஜென்டினாப் பெண் எட்டிப் பார்த்தார். அரை மணியில் ஐந்து பேர் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தோம்.

பேச்சுக்கு ஒரு வழி சொல்கிறேன். போர்ச்சுகீசியம் தெரியாது என்று நினைக்காதீர்கள், பாதி வீட்டுச் சாமான் உங்களுக்குத் தெரியும். சாவி அங்கே 'ஷாவி', ஜன்னல் 'ஜனேலா', மேசை 'மேசா', துவாலை 'துவாலியா'. எல்லாம் போர்ச்சுகீசியர் நம் கரைக்குக் கொண்டுவந்த சொற்கள். வரவேற்பு மேசைக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் வியந்துபோய் ஒவ்வொரு பொருளாகத் தொட்டுத் தொட்டுத் தமிழில் கேட்டார்.

இரண்டாம் நாள்: பகல் பயணம் மட்டும்

சந்தித்த மறுநாளே யாரோடும் இரவு தங்கும் பயணத்துக்குக் கிளம்பாதீர்கள். இதில் நான் கறார். முதலில் ஒரு பகல் சேர்ந்து போய்ப் பாருங்கள். துறையிலிருந்து காலையில் கிளம்பும் 'எஸ்கூனா' என்ற பெரிய படகுகள் தீவு தீவாக நிறுத்தி நீந்தவிட்டு மாலையில் திரும்பும். இதற்குத் தலைக்கு ஒரு டிக்கெட்தான், யாருக்கும் யாரும் கடன்படத் தேவையில்லை. அல்லது பஸ் பிடித்துத் திரிந்தாஜி என்ற கடலோரக் கிராமத்துக்குப் போகலாம். வழியில் ஒரு செங்குத்து ஏற்றம், அதற்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயருக்கே 'கடவுளே காப்பாற்று' என்றுதான் பொருள். அங்கே கஷடாசு என்ற இடத்தில் பெரிய பாறைகள் அலையைத் தடுத்து ஒரு குளம்போல் ஆக்கியிருக்கின்றன. நீந்தத் தெரியாதவர்களும் இறங்கலாம்.

அன்று கவனியுங்கள்: சொன்ன நேரத்துக்கு வருகிறார்களா, மெதுவாக நடப்பவருக்காக நிற்கிறார்களா, குடித்தால் எப்படி இருக்கிறார்கள். மனம் ஒப்பவில்லையென்றால் காரணம் எதுவும் சொல்லாமல் விலகலாம்.

மூன்றாம் நாள்: சோனு கரை

சரி, கூட்டு அமைந்துவிட்டது. இப்போது பராச்சி பஸ் நிலையத்திலிருந்து லாரான்ஜெய்ராஸ் பஸ். அங்கிருந்து காட்டுவழியாக ஒரு மணி நேரம் நடந்தால் 'பிராயா டோ சோனு'. ரோடே கிடையாது. 'கைசாரா' எனப்படும் கடலோர மக்கள் தங்கள் தோட்டத்தில் கூடாரம் போட இடம் தருவார்கள்.

காசு விஷயத்தை முதலிலேயே பேசிவிடுங்கள். பிரேசிலில் எல்லோரும் 'பிக்ஸ்' மூலம் பணம் அனுப்புவார்கள், உள்ளூர்க் கணக்கு இல்லாத நமக்கு அது எளிதில் கிடைக்காது. ரொக்கமாக ஹெயாய்ஸ் (பிரேசில் நாணயம்) எடுத்துப் போங்கள். ஒருவர் செலவு செய்ய, ஒருவர் நோட்டில் எழுத, இரவில் கணக்கைத் தீர்ப்பது என்று வைத்துக்கொண்டோம். ஒரு சண்டையும் வரவில்லை.

சாப்பாட்டுக்கு 'பிராட்டு ஃபெய்ட்டு' கேளுங்கள்: சோறு, அவரைக் குழம்பு, கூடவே மீனோ இறைச்சியோ, மேலே தூவ வறுத்த மரவள்ளி மாவு. சைவம் என்றால் 'செங் கார்னி, செங் பெய்ஷி', அதாவது கறி வேண்டாம், மீன் வேண்டாம்.

திரும்பும்போது கால் வலித்தால் கரையிலிருந்தே படகு உண்டு. கடல் கொந்தளித்தால் படகு ஓடாது, மழை பெய்தால் பாதை சேறாகும். ரியோ பஸ் டிக்கெட்டை ஒரு நாள் தள்ளியே எடுங்கள்.