மௌனப்பட எழுத்தாளர் ஒருவரைத் தேடிப் படிப்பது எப்படி?

ஹாலிவுட்டின் ஆரம்பகாலத் திரைக்கதை எழுத்தாளர் யாரைப் பற்றியாவது உருப்படியாகத் தெரிந்துகொள்ள வேண்டுமா? இணையத்தில் கிடைக்கும் படப் பட்டியலை மட்டும் நம்பி இறங்காதீர்கள். பிரான்சிஸ் மரியன் என்ற பெண் எழுத்தாளரை வைத்தே சொல்கிறேன், அவரை இன்னும் நிறையப் பேர் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் பெயர்களைச் சேகரியுங்கள். 1888இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தபோது அவர் மரியன் பென்சன் ஓவன்ஸ். கணவர் பிரெட் தாம்சன் கௌபாய் பட நாயகன், அவருடைய படங்களுக்கு பிராங்க் எம். கிளிப்டன் என்ற ஆண் பெயரில் எழுதியதும் இவர்தான். ஒரே பெயரில் தேடினால் இதெல்லாம் கண்ணிலேயே படாது.

அப்புறம், யார் எதை எழுதினார்கள் என்று பிரித்துப் பாருங்கள். மௌனப்படத்தில் மூலக்கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், இடையிடையே திரையில் எழுத்தாக வரும் டைட்டில் கார்டு இன்னொருவர் என்று வேலை பிரிந்திருக்கும். 1928இல் வந்த 'தி விண்ட்' டாரதி ஸ்கார்பரோவின் நாவல், திரைக்கதை மரியன், டைட்டில் கார்டுகள் ஜான் கோல்டன். அதில் ஒரு வரி பிடித்துப்போய் மரியனைப் பாராட்டினால் பாராட்டு தவறான ஆளுக்குப் போய்விடும்.

படங்களே கிடைக்காதது பெரிய சிக்கல். அமெரிக்க மௌன முழுநீளப் படங்களில் அசல் வடிவத்தில் முழுசாகத் தப்பியவை சுமார் 14 சதவீதம்தான் என்று அமெரிக்காவின் தேசிய நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 2013இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. நடிகை மேரி பிக்ஃபோர்டுக்காக மரியன் எழுதிய 'தி ஃபவுண்ட்லிங்' வெளிவரும் முன்பே, 1915இல் நியூயார்க் ஸ்டுடியோ தீவிபத்தில் எரிந்துபோய், மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. அதனால் பழைய சினிமா வணிகப் பத்திரிகைகளுக்குப் போங்கள். 'மூவிங் பிக்சர் வேர்ல்ட்' மாதிரியானவை 'லேண்டர்ன்' என்ற தேடுதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. படம் அழிந்திருந்தாலும் கதைச் சுருக்கமும் விமர்சனமும் அதில் இருக்கும். ஸ்டுடியோ விளம்பரத்துக்காக எழுதிக்கொடுத்த செய்தியும் அதே பக்கங்களில்தான் வரும், அதில் போட்டிருக்கும் சம்பளத் தொகையைப் பார்த்ததும் நம்பிவிடாதீர்கள்.

பிறகு, மிஞ்சிய படங்களை வருட வரிசையில் பாருங்கள். 1917இன் 'தி புவர் லிட்டில் ரிச் கேர்ள்', அடுத்து 'தி விண்ட்', அப்புறம் பேசும்படமான 'தி பிக் ஹவுஸ்', 1930. இந்தச் சிறைக்கதைக்காக சான் குவென்டின் சிறைக்கே நேரில் போய்ப் பார்த்துவந்து எழுதினார். எழுத்துக்கு ஆஸ்கர் வாங்கிய முதல் பெண் ஆனதும் இதனால்தான்.

அவருடைய சுயசரிதை 1972இல் வந்தது. அதைக் கடைசியாகப் படியுங்கள். எழுதும்போதே சுமார் ஐம்பது வருடம் பழைய நினைவுகள் அவை, அதனால் முக்கியமான ஒவ்வொரு தேதியையும் அந்தந்த வருடப் பத்திரிகையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். லேண்டர்னில் தேடும்போது ஸ்கேன் பிழையால் பெயர் எழுத்து மாறியிருக்கலாம், பெயரில் அகப்படாவிட்டால் படத்தின் தலைப்பையும் வருடத்தையும் போட்டுத் தேடுங்கள்.